சோலாஸ் ரசிகர்களிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யார் இந்த சோலாஸ்?

கனடாவைச் சேர்ந்த பயோவேர் நிறுவனம் 2014 நவம்பரில் வெளியிட்ட ‘டிராகன் ஏஜ்: இன்குவிசிஷன்’ என்னும் மாயவுலக வீடியோ கேமில், கதைத்தலைவியோடு பயணம் செய்யும் தோழர்களில் ஒருவன் சோலாஸ். தலை மழித்தவன், தணிந்த குரலில் பேசுபவன், ஃபேட் எனப்படும் கனவுலகைப் பற்றி எவரையும்விட அதிகம் அறிந்தவன். ஊர் உறவு எதுவும் இல்லாத எல்ஃப் இன மந்திரவாதியாக அறிமுகமாகும் அவன், எல்ஃப் மக்கள் தங்கள் பிள்ளைகளுக்குப் பெயர் சொல்லி அச்சமூட்டும் ஃபென்ஹாரெல் என்ற ஓநாய்த் தெய்வமே என்பது கதை முடியும் வேளையில்தான் தெரியவருகிறது. கதைத்தலைவி அவனைக் காதலித்திருந்தால், இந்த உண்மை அவளுக்கு மிகவும் தாமதமாகவே வந்து சேர்கிறது.

இராமநாதபுரம், மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம், கீழக்கரை ஆகிய ஊர்களில் இருந்துகொண்டு இவனைப் பற்றி ஓயாமல் பேசிக்கொண்டிருக்கும் ஒரு சிறு கூட்டம் நாங்கள். எங்களில் பெரும்பாலோர் பெண்கள். புதிதாக வருபவர்களும், எங்கள் பேச்சைத் தள்ளி நின்று கேட்டு வியப்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

கதை முடிவு தெரிந்துவிடும் என்ற அச்சம் உள்ளவர்கள் இதைப் படிக்கலாமா?

மேலே உள்ள பத்தியிலேயே பெரிய இரகசியத்தைச் சொல்லிவிட்டேன். பத்தாண்டுகளுக்கும் மேலான கேமில் அதை மறைத்துப் பயனில்லை என்பது என் கருத்து. மேலும், இவனைப் பொறுத்தவரை உண்மையை அறிந்துகொண்டு விளையாடுவதே அதிகச் சுவை தரும். முதல் முறை விளையாடுபவருக்குச் சோலாஸ் கனவில் கண்ட பழங்கதைகளைச் சொல்பவனாகத் தோன்றுவான். மறுமுறை விளையாடும்போதுதான் அவை அவனுடைய சொந்த நினைவுகள் என்பது உறைக்கும். பனிமலைகளுக்கு நடுவே வீடிழந்து நிற்கும் மக்களை ஸ்கைஹோல்ட் கோட்டைக்கு அவனே வழிநடத்துகிறான். அந்தக் கோட்டை அவனுக்கு எப்படித் தெரியும் என்று முதல் முறை யாரும் கேட்பதில்லை.

அவனைக் காதலிப்பதற்கு என்ன வழி?

கதைத்தலைமைப் பாத்திரத்தை மனிதர், எல்ஃப், குள்ளர், குனாரி ஆகிய நான்கு இனங்களில் ஒன்றிலிருந்து தேர்ந்தெடுக்கலாம் என்றாலும், சோலாஸின் காதல் வழி எல்ஃப் இனப் பெண்ணுக்கு மட்டுமே திறக்கும். அவளுடைய குலப்பெயர் லவெல்லன். இரு பெயர்களையும் ஒட்டவைத்து இந்த இணையைச் ‘சோலாவெல்லன்’ என்று உலகெங்கும் உள்ள ரசிகர்கள் அழைக்கிறார்கள். அழகாகப் பேசுவதைவிட நிறையக் கேள்வி கேட்பதே அவனுக்குப் பிடிக்கும். எதையும் கேட்காமல் தலையாட்டும் தலைவியிடம் அவன் மனம் நெருங்குவதில்லை. ‘அதிகம் கேள்வி கேட்காதே’ என்ற வசவை வீட்டிலும் பள்ளியிலும் வாங்கியே வளர்ந்த எங்களில் சிலருக்கு, கேள்விக்காகவே விரும்பப்படுவது எத்தனை பெரிய ஈர்ப்பு என்பதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

அவன் செய்த குற்றங்கள் என்னென்ன?

இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இவற்றைக் கூட்டிக் குறைத்துச் சொல்வதில்தான் பாதிச் சண்டைகள் தொடங்குகின்றன. பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு தெய்வங்களாகத் தங்களை உயர்த்திக்கொண்ட கொடுங்கோலர்களை எதிர்த்து, அடிமைப்பட்ட எல்ஃப் மக்களை விடுவிக்கப் போராடியவன் அவன். அது அவன் புகழ். அந்தக் கொடுங்கோலர்கள் அவனுடைய தோழி மித்தாலைக் கொன்றபோது, அவர்களைச் சிறைவைப்பதற்காகக் கனவுலகுக்கும் நனவுலகுக்கும் நடுவே ஒரு திரையை எழுப்பினான். அந்தத் திரையால் எல்ஃப் மக்களின் மந்திரமும் சாவில்லாத வாழ்வும் அவர்களுடைய நகரங்களும் அழிந்தன. காக்கப் புறப்பட்டவனே கருவறுத்தவனாகிப் போனான்.

நெடுந்துயிலிலிருந்து விழித்தபோது தன்னுடைய சக்தி அடங்கிய கோளத்தைத் திறக்கும் வலிமை அவனிடம் இல்லை. ஆகவே கோரிஃபியஸ் என்ற கொடியவன் கையில் அது சேரும்படி செய்தான். கோளம் திறக்கும்போது அந்த வெடிப்பில் கோரிஃபியஸ் இறந்துபோவான் என்பது கணக்கு. வெடிப்பு நிகழ்ந்தது. மந்திரவாதிகளுக்கும் அவர்களைக் காவல் காத்த வீரர்களுக்கும் சமாதானம் பேசக் கூடியிருந்த அவை முழுவதும் சாம்பலானது. கோரிஃபியஸ் சாகவில்லை. கதைத்தலைவி மட்டும் இடக்கையில் ஒளிரும் வடுவோடு பிழைத்தாள். அந்த வடுவுக்கும் அத்தனை சாவுகளுக்கும் மூலகாரணமானவன் மறுநாளிலிருந்தே அவள் பக்கத்தில் மருத்துவனைப் போல அமர்ந்திருக்கிறான், வாய் திறக்காமல்.

மூன்றாவது குற்றம் இனி செய்யவிருப்பது. எழுப்பிய திரையைக் கிழித்துப் பழைய உலகை மீட்பேன் என்கிறான். அப்படிச் செய்தால் இன்று வாழும் உலகம் அழியும் என்பதை அறிந்தே சொல்கிறான். 2015 செப்டம்பரில் வந்த ‘டிரெஸ்பாசர்’ என்ற இணைப்புக் கதையில் இந்தத் திட்டத்தை அவன் வாயாலேயே கேட்கிறோம்.

இத்தனையும் செய்தவனை விரும்புவது அவனுக்கு வக்காலத்து வாங்குவது ஆகாதா?

ஆகாது. ஆனால் ‘கற்பனைப் பாத்திரம்தானே’ என்று சொல்லி இந்தக் கேள்வியைத் தட்டிவிடுவதும் எனக்கு ஏற்புடையதல்ல, ஏனென்றால் நாங்கள் அவனைக் கற்பனைப் பாத்திரமாக எண்ணி இலேசாகப் பேசுவதே இல்லை.

சங்க அகப்பாடல்களில் தோழி தலைவனின் இயல்பைப் பழித்துப் பேசுவதற்கு இயற்பழித்தல் என்று பெயர். சொன்ன நாளில் வரவில்லை, அவன் சொல் நம்பத்தக்கதல்ல என்று தோழி கடிந்துகொள்வாள். அதைக் கேட்ட தலைவி, ‘அவன் அப்படிப்பட்டவன் அல்லன்’ என்று அவனுடைய நல்லியல்பை எடுத்துச் சொல்வாள். அதற்கு இயற்பட மொழிதல் என்று பெயர். எங்கள் கூட்டத்தின் பேச்சு முழுவதும் இந்த இரண்டுக்குள் அடங்கிவிடும். ஒருத்தி அவனைப் பழிப்பாள், மற்றொருத்தி காப்பாள். அடுத்த முறை இருவரும் இடம் மாறியிருப்பார்கள். காப்பவள் அவன் குற்றங்களை மறந்துவிட்டவள் அல்லள், பழிப்பவள் அவனை வெறுப்பவளும் அல்லள். இரண்டு குரலும் இல்லாமல் இப்படிப்பட்ட ஒருவனைப் பற்றி முழுதாகப் பேச முடியாது என்பதால்தான், தனித்தனியாக விளையாடி முடித்தவர்கள் பேச ஆள் தேடி ஒருவரையொருவர் கண்டடைந்தோம். சோலாஸ் முற்றிலும் நல்லவனாக இருந்திருந்தால் ஆளுக்கொரு பெருமூச்சோடு பிரிந்து போயிருப்போம். முற்றிலும் கெட்டவனாக இருந்திருந்தாலும் அதேதான்.

எங்களுக்குள் உடன்பாடு உள்ள ஒரே இடத்தையும் சொல்லிவிடுகிறேன். அவன் எவரிடமும் கேட்பதில்லை. மக்களை விடுவித்தபோதும், திரையை எழுப்பியபோதும், அதைக் கிழிக்க முடிவெடுத்தபோதும், காதலியை விட்டுப் பிரிந்தபோதும், பாதிக்கப்படப் போகிறவர்களின் விருப்பத்தை அவன் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. கேள்வி கேட்கும் பெண்ணை விரும்பியவன், கேட்கத் தெரியாதவனாக இருக்கிறான். அவனைக் காப்பவர்களும் இதை மறுப்பதில்லை.

அந்தப் பிரிவுக் காட்சியைப் பற்றி ஏன் இவ்வளவு பேசுகிறீர்கள்?

கிரெஸ்ட்வுட் என்ற இடத்தில், நீர்நிலை ஓரமாக நடக்கும் காட்சி அது. லவெல்லன் தன் முகத்தில் பச்சை குத்தியிருக்கும் கோலங்கள் தெய்வ வழிபாட்டுச் சின்னங்கள் என்று நம்பி வளர்ந்தவள். அவை பழங்காலத்தில் அடிமைகளுக்கு எசமானர்கள் இட்ட அடையாளங்கள் என்று அவன் சொல்லி, விரும்பினால் அழித்துவிடுவதாகவும் சொல்கிறான். அவள் அழிக்கச் சொன்னாலும் சரி, வேண்டாம் என்றாலும் சரி, அடுத்த சில நிமிடங்களில் உறவை முறித்துக்கொண்டு போய்விடுகிறான். காரணம் சொல்வதில்லை.

உண்மையை முழுவதும் சொல்லவே அவன் அவளை அங்கே அழைத்துவந்தான், கடைசி நொடியில் துணிவில்லாமல் பாதி உண்மையைச் சொன்னான் என்று எங்களில் சிலர் வாதிடுவார்கள். எனக்கு அதில் இரக்கம் வருகிறது, மன்னிப்பு வரவில்லை. அவளுடைய முகத்தைப் பற்றிய உண்மையைச் சொல்லத் தெரிந்தவனுக்குத் தன்னுடைய முகத்தைப் பற்றிச் சொல்ல வாய் வரவில்லை.

தனுஷ்கோடியை வைத்து நீங்கள் கேட்கும் கேள்வி என்ன?

பாம்பனைச் சேர்ந்த ஓர் அக்கா ஒருமுறை தொடுத்த கேள்வி இது. இப்போது புதிதாக வரும் எல்லோரிடமும் கேட்கிறோம். 1964 டிசம்பர் 22ஆம் தேதி இரவில் வந்த புயல், பயணிகளோடு ஒரு ரயிலையும் தனுஷ்கோடி ஊரையும் சேர்த்து வாரிக்கொண்டு போனது. தலைமன்னாருக்குக் கப்பல் புறப்பட்ட துறை, ரயில் நிலையம், தேவாலயம், அஞ்சலகம் என்று நடமாட்டம் நிறைந்திருந்த ஊர் இன்று இடிந்த சுவர்களாக நிற்கிறது. அந்த ஊரை, இறந்த மக்களோடு, அப்படியே மீட்டுத் தரும் ஆற்றல் உங்களிடம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு விலையாக இன்றைய பாம்பனும் மண்டபமும் கடலுக்குள் போகும். செய்வீர்களா?

எவரும் செய்வேன் என்று சொன்னதில்லை. அப்போது அந்த அக்கா அடுத்த கேள்வியைப் போடுவார்: அந்தப் புயலை வரவழைத்தவரே நீங்கள்தான் என்றால்? இங்கேதான் பேச்சு நின்றுபோகும். புயலில் உறவுகளை இழந்த குடும்பங்களின் பிள்ளைகள் எங்களுக்குள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருத்தி, ‘நானே வரவழைத்திருந்தால் என்னால் தூங்க முடியாது, ஆனாலும் பாம்பனைத் தொட மாட்டேன்’ என்றாள். சோலாஸின் துயரம் எத்தனை உண்மையானது என்பதையும், அவன் முடிவு எத்தனை தவறானது என்பதையும் இதைவிடச் சுருக்கமாக ஒருவர் சொல்லி நான் கேட்டதில்லை.

இதைக் கேளிக்கைக்காகப் பேசுவது சரியா என்று ஒரு பெரியவர் எங்களைக் கேட்டதுண்டு. அவருக்கு அக்காதான் பதில் சொன்னார்; அக்காவின் வீட்டிலும் அந்தப் புயலுக்கு ஆள் போயிருக்கிறது.

சோலாஸை விபீடணனோடு ஒப்பிடலாமா?

இராமேசுவரத்திலிருந்து தனுஷ்கோடி செல்லும் வழியில் உள்ள கோதண்டராமர் கோயிலில்தான் விபீடணன் இராமனிடம் அடைக்கலம் புகுந்தான் என்பது இப்பகுதியின் நம்பிக்கை. தன் இனத்தாரின் கொடுமையை எதிர்த்து வெளியேறியவர்கள் என்ற அளவில் இருவருக்கும் ஒற்றுமை உண்டு; ஆகவே இந்த ஒப்பீடு எங்கள் பேச்சில் தவறாமல் வருகிறது. எனக்கு இது பொருந்தவில்லை. விபீடணன் அண்ணனின் அவையிலேயே, அண்ணனின் முகத்துக்கு நேராக, செய்வது தவறு என்று சொல்லிவிட்டுப் போனவன். சோலாஸிடம் இல்லாதது அதுதான்.

விட்டுப்போனவனுக்காகக் காத்திருக்கும் பெண்ணைப் போற்றுகிறீர்களா?

இந்தக் கேள்வியைப் பெரும்பாலும் படித்த இளைஞர்கள் கேட்கிறார்கள், சற்றுக் கோபத்தோடும் கேட்கிறார்கள். அந்தக் கோபத்தில் நியாயம் உண்டு. நெய்தல் திணைக்கு உரிப்பொருள் இரங்கல் என்று பாடத்தில் படித்துவிட்டு, கரையில் நின்று ஏங்குவதையே பெண்ணுக்கு இலக்கணமாக்கிவிட்டார்கள் என்று அவர்கள் நினைக்கிறார்கள். கீழக்கரையில் கணவர் வளைகுடா நாட்டில் இருக்கும் பெண்களும், பாம்பனில் படகு திரும்பும்வரை உறங்காத பெண்களும் எங்கள் கூட்டத்தில் உண்டு. காத்திருப்பது என்றால் என்ன என்று அவர்களுக்குப் பாடம் நடத்தத் தேவையில்லை. அவர்களில் ஒருவர் சொன்னார்: வீட்டுக்காக வெளிநாடு போனவர் வாரம் தவறாமல் போன் செய்கிறார், அவர் போனது தெரியும், எதற்குப் போனார் என்பது தெரியும், வரும் நாளும் தெரியும், இவன் செய்தது அதுவல்ல, ஆகவே இரண்டையும் ஒன்றாக்காதீர்கள்.

மேலும், லவெல்லன் வெறுமனே ஏங்கிக்கொண்டிருப்பவள் அல்லள். டிரெஸ்பாசர் கதையில் குனாரிகளின் சதியைத் துரத்திக்கொண்டே அவள் அவனைத் தேடிப் போய் நேருக்கு நேர் நிற்கிறாள். கையில் இருந்த வடு அவளைக் கொன்றுகொண்டிருக்க, அவன் அதை நீக்கி அவள் உயிரைக் காக்கிறான். அவளுக்கு இடக்கை போகிறது. அதன் பிறகும், அவனைத் திருத்தப் போகிறாளா, எப்பாடுபட்டாவது தடுக்கப் போகிறாளா என்பதை முடிவு செய்வது அவள். அதாவது விளையாடுகிற நாம். எங்களில் தடுப்போம் என்று தேர்ந்தவர்கள் குறைவல்லர், அவர்களும் அவனைக் காதலித்தவர்களே.

2024இல் வந்த தொடர்ச்சி உங்களுக்கு நிறைவாக இருந்ததா?

‘டிராகன் ஏஜ்: தி வெயில்கார்டு’ 2024 அக்டோபர் 31 அன்று வந்தது. அதில் கதைத்தலைமை ரூக் என்ற வேறொரு பாத்திரத்துக்குப் போய்விட்டது; லவெல்லன் இடையிடையே வருகிறாள். முந்தைய கேமில் நாம் எடுத்த முடிவுகளில் மூன்று மட்டுமே இதில் கேட்கப்படுகின்றன: இன்குவிசிட்டர் என்ற பட்டம் பெற்ற முந்தைய கதைத்தலைவி யாரைக் காதலித்தாள், அவள் தலைமை தாங்கிய இன்குவிசிஷன் அமைப்பு நீடித்ததா கலைந்ததா, சோலாஸைப் பற்றி அவள் எடுத்த உறுதி என்ன. நூறு மணி நேரத்துக்கு மேல் வாழ்ந்த வாழ்க்கையை மூன்று விடைகளில் அடக்கச் சொன்னது பலருக்கு உறுத்தியது. எனக்கும்தான். ஆனால் அந்த மூன்றில் இரண்டு சோலாஸைத் தொட்டு நிற்பதால், எங்கள் கூட்டத்துக்கு நட்டம் மற்றவர்களைவிடக் குறைவு.

அவனுடைய பழைய வருத்தங்களை ஓவியங்கள் வழியாகக் காட்டும் பகுதிகள் சிறப்பானவை. இன்குவிசிஷனில் கதைத்தலைவியோடும் சோலாஸோடும் பயணம் செய்த தோழன் வாரிக்கின் சாவைக் கையாண்ட விதம் கடுமையானது: பழைய நண்பனைத் தன் கையாலேயே கொன்றுவிட்டு, அந்த உண்மையை ரூக்கின் மனத்திலிருந்தே மறைத்துவைக்கிறான். அதுவரை அவனைக் காத்துப் பேசிவந்த ஒருத்தி அன்றிலிருந்து பழிக்கும் பக்கம் வந்துவிட்டாள். முடிவில் அவனை ஏமாற்றலாம், வெல்லலாம், அல்லது அவனே மனம் மாறித் திரையைத் தாங்கச் சிறைபுகும்படி செய்யலாம். காதலித்த லவெல்லன் அவனோடு அந்தச் சிறைக்குள் போகும் முடிவும் உண்டு. அது அன்பின் வெற்றியா, அவளுக்கும் சேர்த்து விதித்த தண்டனையா என்பதில் எங்களுக்குள் இன்னும் தீர்ப்பு வரவில்லை.

ஆண்கள் சேரலாமா?

சேரலாம். சேர்ந்திருக்கிறார்கள். சோலாஸை நண்பனாக மட்டும் கொண்டு விளையாடியவர்களின் பார்வை எங்களுக்குத் தேவைப்படுகிறது, ஏனென்றால் காதலின் கண்ணீர் இல்லாமல் துரோகத்தை மட்டும் பார்ப்பவர்கள் அவர்கள்.

ஆங்கிலம் நன்றாகத் தெரியாதவர்கள் என்ன செய்வது?

கேமில் தமிழ் வசனமோ தமிழ் எழுத்துகளோ இல்லை. ஆகவே ஒருவர் விளையாட, மற்றொருவர் பக்கத்தில் அமர்ந்து உடனுக்குடன் தமிழில் சொல்வது எங்கள் வழக்கம். சோலாஸ் பேச்சில் நிறுத்தமும் தாளமும் இருப்பதால், சொல்பவர் அவசரப்படாமல் அவன் முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும். தங்கச்சிமடத்தில் ஒரு பாட்டி, பேத்தி சொல்லச் சொல்லக் கதை முழுவதையும் கேட்டுவிட்டு, ‘இவன் பொய் சொல்லலடி, பாதிய முழுங்குறான்’ என்றார். எங்களுக்கு அதைக் கண்டுபிடிக்க இரண்டாவது ஆட்டம் தேவைப்பட்டது.

எப்படிப்பட்ட கணினி வேண்டும்?

இன்குவிசிஷனுக்கு நான்கு ஜிபி ரேமும் ஹார்ட் டிஸ்க்கில் 26 ஜிபி இடமும் குறைந்தபட்சம் தேவை என்பதால் பழைய கணினியிலும் ஓடும். வெயில்கார்டு 100 ஜிபி கேட்கும். மொபைல் டேட்டாவில் இறக்குவது வீண் முயற்சி, நல்ல இணைப்பு உள்ள தோழியின் வீட்டில் இறக்கிக்கொள்ளுங்கள். கடற்கரை ஊர்களில் உப்புக்காற்று கணினியின் உலோகப் பாகங்களை அரிக்கும். சன்னலோரம் வைக்காதீர்கள், விளையாடாத நேரத்தில் துணி போட்டு மூடிவையுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் மின்சாரம் எப்போது போகும் என்று சொல்ல முடியாது, ஆகவே ஒவ்வொரு பெரிய உரையாடலுக்கும் முன்பாக சேவ் செய்துகொள்வது நல்லது. மீன்பிடித் தடைக்காலமான ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகு வீடுகளில் அண்ணன் தம்பிகள் டிவியை விட்டு நகர மாட்டார்கள். கன்சோலை டிவியில் இணைத்து விளையாடுபவர்கள் அதற்குமுன் கதையை முடிக்கப் பாருங்கள்.

சண்டை முற்றினால் என்ன செய்வீர்கள்?

சோலாஸைத் தாக்கலாம், சோலாஸை விரும்புபவரைத் தாக்கக் கூடாது. ‘நிஜ வாழ்க்கையிலும் நீ இப்படிப்பட்டவனைத்தான் தேடுவாய்’ என்று ஒருவர் சொன்னால் அன்றைய பேச்சு அத்தோடு முடிந்தது. அப்படிப்பட்டவனோடு வாழ்ந்து வெளியே வந்தவர்கள் எங்களுக்குள் இருக்கலாம், அவர்கள் அதை அறிவிக்கக் கடமைப்பட்டவர்கள் அல்லர். வெளியே சொல்ல முடியாததைச் சோலாஸின் பெயரால் சொல்லிக்கொள்கிறவர்களையும் கண்டிருக்கிறேன். அவர்கள் பேசும்போது நாங்கள் சோலாஸைப் பற்றியே பேசுகிறோம், கூடுதலாக எதையும் கேட்பதில்லை.

இப்போதுதான் தொடங்குகிறேன். எதை முதலில் விளையாட வேண்டும்?

2009இல் வந்த முதல் பாகத்திலிருந்து தொடங்க நேரம் இருப்பவர்கள் அப்படியே செய்யுங்கள். இல்லாவிட்டால் நேராக இன்குவிசிஷனுக்கு வரலாம். எல்ஃப் பெண்ணைத் தேர்ந்தெடுங்கள், சோலாஸிடம் ஒவ்வொரு இடைவேளையிலும் போய்ப் பேசுங்கள், ஸ்கைஹோல்ட் கோட்டையின் வட்டக் கூடத்தில் அவன் வரையும் சுவரோவியங்களைக் கவனியுங்கள். அவனுடைய நண்பனான ஞான ஆவியைக் காப்பாற்றப் போகும் பயணத்தைத் தள்ளிப்போடாதீர்கள், அவன் அழுவதற்கு மிக அருகில் வரும் இடம் அது. முதன்மைக் கதை முடிந்து பெயர்கள் ஓடும்போது எழுந்துவிடாதீர்கள், அதன் பின் ஒரு காட்சி இருக்கிறது. பிறகு டிரெஸ்பாசரை முடியுங்கள். முடித்த கையோடு எங்களிடம் வந்தால், திருத்துவதாகச் சொன்னீர்களா தடுப்பதாகச் சொன்னீர்களா என்பதைத்தான் முதலில் கேட்போம்.